பீடத்தில் மிஞ்சிய பூட்ஸ்



'ஆட்சி விழும்போது சிலைகள் ஏன் விழுகின்றன?' என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. சற்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவைத் தலைவர் பெரிய மனது பண்ணிச் சரி என்றார். ஏன் மாற்றக் கேட்டேன்? ஏன் விழுகின்றன என்பதில் ஒரு மர்மமும் இல்லை. ஆட்சி கவிழ்ந்ததும் ஆள்பவர் விமானம் ஏறிவிடுவார். சிலையால் ஏற முடியாது. அவருக்கு விழவேண்டிய அடி அதற்கு விழுகிறது. அவ்வளவுதான்.

நான் கேட்க விரும்புவது வேறு. சிலையை இழுத்த கயிறு யார் கையில் இருந்தது? சிலைக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது? சிலை விழுந்த பிறகு அந்தப் பீடத்தில் ஏறியவர் யார்? தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது சிலை சரியும் பத்து நொடி. அதற்கு முந்தைய பத்து வருடத்தையும் பிந்தைய பத்து வருடத்தையும் காட்டுவதில்லை. இன்று அந்த முன்னையும் பின்னையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்.

அங்கே ஒரு ஸ்டாலின் சிலை இருந்தது. பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் சொல்வது சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஜோசப் ஸ்டாலினை!

1949இல் ஸ்டாலினுக்கு எழுபதாவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். ஹங்கேரி மக்களின் பிறந்தநாள் பரிசு என்று ஒரு பிரம்மாண்டச் சிலை அறிவிக்கப்பட்டது. மக்களிடம் யாரும் கேட்கவில்லை; பரிசு மட்டும் மக்கள் பெயரில். சிற்பி சாந்தோர் மிகுஷ் செய்தார். 1951 டிசம்பரில் திறந்தார்கள். வெண்கல உருவம் மட்டும் எட்டு மீட்டர் உயரம். அது நின்ற பீடம் தனி. பீடத்தின் கீழே தலைவர்கள் நின்று ஊர்வலத்துக்குக் கையசைக்க ஒரு மேடை தனி. யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் தலைவர்கள் நிற்பது ஸ்டாலினின் காலடியில். அந்த அமைப்பே அந்த ஆட்சியின் வரைபடம்.

சரி, அங்கே அதற்கு முன் என்ன இருந்தது? ரெக்னும் மரியானும் என்று ஒரு தேவாலயம். சிலையும் அணிவகுப்புத் திடலும் வருவதற்காக 1951இல் அதை இடித்துத் தள்ளினார்கள். உருக்கப்பட்ட பழைய சிலைகளின் வெண்கலமும் புதுச் சிலைக்குள் போனது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தேவாலயம் மட்டும் அப்பாவியா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. 1919இல் ஹங்கேரியில் பேலா குன் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி ஒன்று சில மாதங்கள் நடந்தது. அது கவிழ்ந்ததற்கு நன்றிக்கடனாக எழுந்த கோயில் அது! ஓர் ஆட்சி விழுந்ததைக் கொண்டாடிக் கட்டியதை, அந்த ஆட்சியின் வாரிசுகள் திரும்பி வந்து இடித்தார்கள். 'பொதுச் சொத்தை உடைக்கிறார்களே, இது முறையா?' என்று 1956இல் யாராவது கேட்டிருந்தால், புடாபெஸ்ட்காரர் ஒருவர், 'எந்த உடைப்பைக் கேட்கிறீர்கள், ஐயா? இங்கே வரிசையாக இருக்கிறதே' என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

இப்போது 1956 அக்டோபர் 23க்கு வருவோம். அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டாலின் செத்துப்போனார். 1956 பிப்ரவரியில் மாஸ்கோவிலேயே சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவருடைய குற்றங்களைப் பட்டியலிட்டுப் பேசிவிட்டார். ஊரில் சிலை மட்டும் அப்படியே நிற்கிறது. புடாபெஸ்ட் மாணவர்கள் பதினாறு கோரிக்கைகளை எழுதினார்கள். சோவியத் படைகள் வெளியேற வேண்டும், தேர்தல் வேண்டும், பேச்சுரிமை வேண்டும் என்ற பெரிய கோரிக்கைகளோடு, ஸ்டாலின் சிலையை உடனே எடுக்க வேண்டும், அந்த இடத்தில் 1848–49 விடுதலைப் போரின் தியாகிகளுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்பதும் ஒன்று. அதாவது முதலில் மனுதான் கொடுத்தார்கள். கயிறு பிறகுதான் வந்தது.

மாலையில் ஊரே தெருவில் இருந்தது. ஒரு கூட்டம் வானொலி நிலையத்துக்குப் போனது. ஒரு கூட்டம் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஒரு கூட்டம் சிலைக்குப் போனது. நாடாளுமன்றத்தின் முன்னால் இம்ரெ நாஜ் என்ற சீர்திருத்தத் தலைவர் பேச வந்தார். பழக்க தோஷம், 'தோழர்களே' என்று ஆரம்பித்தார். கூட்டம் விசிலடித்து, 'நாங்கள் தோழர்கள் இல்லை' என்றது! அந்த நாஜின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்ப வருவார்.

சிலைக்குப் போன கூட்டம் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தது. அசையவில்லை. எட்டு மீட்டர் வெண்கலம், எப்படி அசையும்? பிறகு தொழிலாளர்கள் லாரியும் இரும்புக் கம்பிவடமும் கேஸ் வெட்டுக் கருவியும் கொண்டு வந்தார்கள். பகலில் எந்தக் கையால் அந்த ஆட்சிக்காக இரும்பு வெட்டினார்களோ அந்தக் கையால் அன்று இரவு வெட்டினார்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். இரவு ஒன்பதரை மணி தாண்டியதும் சிலை குப்புற விழுந்தது. பீடத்தின் மேல் மிஞ்சியது என்ன? ஒரு ஜோடி பூட்ஸ்!

அந்த பூட்ஸுக்குள் தேசியக் கொடியை நட்டார்கள். விழுந்த உடலை நகரத்தின் நடுவிலிருந்த தேசிய நாடக அரங்கு வரைக்கும் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். அங்கே சுத்தியலோடு ஆட்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு. அந்தத் திடலுக்கு ஊர் வைத்த பெயர் 'பூட்ஸ் சதுக்கம்'. ஆட்சிக்கு அஞ்சி நடுங்கிய ஊர் ஒரே இரவில் கேலி பேசக் கற்றுக்கொண்டுவிட்டது பாருங்கள்.

இதைச் சொல்லும்போது என் குரலில் உற்சாகம் ஏறுவது எனக்கே தெரிகிறது. மறைக்கப் போவதில்லை. அந்த இரவில் நான் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான். தன்னைத் தானே வணங்கச் சொல்லி ஓர் ஆட்சி வைத்த சிலை, அந்த ஆட்சியைச் சுமந்த மக்களின் கையாலேயே விழுந்தால் நான் கண்ணீர் விடமாட்டேன்.

'ஐயா, சிலையை உடைத்தால் வரலாறு அழிந்துவிடாதா?' இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். வரட்டும். ஸ்டாலின் சிலை போய் எத்தனை ஆண்டு ஆயிற்று? ஹங்கேரியில் யாராவது ஸ்டாலினை மறந்தார்களா? அந்தச் சிலை வரலாற்றைச் சொல்வதற்காகவா நின்றது? ரகசியப் போலீஸ் எத்தனை பேரை இரவில் கூட்டிப்போனது என்று அதன் பீடத்தில் எழுதியிருந்ததா? வரலாற்றைச் சொல்லவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது நின்றது. அது விழுந்த இரவுதான் வரலாறாயிற்று.

ஆனால் நண்பர்களே, சிலை விழுந்த கையோடு கதை முடிந்ததா? இல்லை. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் முழு பலத்தோடு நகருக்குள் நுழைந்தன. ஹங்கேரியர் சுமார் 2,500 பேர் இறந்தார்கள். இரண்டு லட்சம் பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். இம்ரெ நாஜை 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிட்டார்கள். புதிதாக வந்த யானோஷ் காடார் ஆட்சி முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. அந்த ஆட்சிகூட ஸ்டாலினைத் திரும்ப நிறுத்தவில்லை. அதற்குத் துணிவில்லை. வேறென்ன செய்தது? 1965இல் அதே திடலில் ஒரு லெனின் சிலையை வைத்தது! ஆளை மாற்றினார்கள், பழக்கத்தை மாற்றவில்லை. அந்த லெனினும் 1989இல் பழுதுபார்க்க என்று சொல்லி இறக்கப்பட்டார். பழுது பார்த்து முடியவே இல்லை. கயிறில்லாமல், சுத்தியலில்லாமல், ஒரு பராமரிப்புப் பணியாக முடிந்துவிட்ட ஆட்சி அது.

இந்த இடத்தில் புடாபெஸ்டை விட்டுச் சற்று வெளியே போய்வருவோம்.

1776 ஜூலை 9. நியூயார்க்கில் விடுதலைப் பிரகடனத்தைப் படித்துக் காட்டினார்கள். கேட்ட கூட்டம் நேரே போய் மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் குதிரைச் சிலையைச் சாய்த்தது. ஈயச் சிலை, மேலே தங்க முலாம். சிக்கனமான மக்கள், வீணாக்கவில்லை. கனெக்டிகட்டுக்கு அனுப்பி உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். கணக்கும் வைத்திருக்கிறார்கள்: 42,088 குண்டுகள். மன்னனின் சிலை மன்னனின் படை மீதே பாய்ந்தது.

பாரிசில் நடந்தது இதற்கு நேர்மாறு. வாந்தோம் சதுக்கத்தில் நெப்போலியனின் வெற்றித்தூண் இருந்தது. 1871 மே 16 அன்று பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சி அதைச் சாய்த்தது. இரண்டே வாரத்தில் கம்யூனே சாய்ந்தது. ஆட்சிக்குத் திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள்? தூணைச் சாய்க்க யோசனை சொன்னவர் என்று குஸ்தாவ் கூர்பே என்ற பெரும் ஓவியரைப் பிடித்து, தூணைத் திரும்பக் கட்டும் செலவை அவர் தலையில் போட்டார்கள். மூன்று லட்சத்து இருபத்துமூவாயிரம் ஃபிராங்குக்கு மேல்! ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் முப்பத்துமூன்று ஆண்டுத் தவணை. ஓவியர் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். முதல் தவணை கட்டவேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31 அன்று, இறந்தும்விட்டார். கந்துவட்டிக்காரர் இப்படி ஏமாந்து நாம் பார்த்ததில்லை!

பாக்தாத்துக்கும் ஒரு நிமிடம் போவோம். 2003 ஏப்ரல் 9, ஃபிர்தோஸ் சதுக்கம். சதாம் உசேனின் சிலை. அது நின்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் சம்மட்டியால் பீடத்தை அடித்தார்கள், கயிறு போட்டார்கள், முடியவில்லை. அப்போது அமெரிக்க மரைன் படையினரின் கனரக மீட்பு வண்டி வந்தது, சங்கிலி மாட்டியது, இழுத்தது. அதற்குமுன் ஒரு வீரர் மேலே ஏறிச் சதாமின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார். சீக்கிரமே எடுத்துவிட்டார்கள், ஆனால் உலகம் பார்த்துவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு எதிரே நடந்த காட்சி அது, கேமராவுக்கா பஞ்சம்? சதாமுக்காக நான் வருந்தவில்லை. ஆனால் புடாபெஸ்டில் கயிறு யார் கையில் இருந்தது, இங்கே சங்கிலி யார் கையில் இருந்தது? சிலை விழுந்த விதம் ஒன்றுபோலத் தெரியலாம். சங்கிலியின் மறுமுனையில் இருந்தவர்தான் அடுத்த சில ஆண்டுகள் ஈராக்கில் என்ன நடக்கவேண்டும் என்று முடிவு செய்தார்.

சரி, புடாபெஸ்டுக்குத் திரும்புவோம். 1989–90இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று. நகரம் முழுக்க லெனின், மார்க்ஸ், எங்கெல்ஸ், பேலா குன் என்று எத்தனையோ சிலைகள். உடைப்பதா, விடுவதா? அவர்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். பேச்சுவார்த்தை, வாக்குவாதம், ஓட்டெடுப்பு என்று முடித்து, நாற்பத்திரண்டு உருப்படிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஒரு திறந்தவெளிப் பூங்காவில் நிறுத்தினார்கள். 1993இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஆகோஷ் எலியோட் வடிவமைத்தார். இன்று 'மெமென்டோ பார்க்' என்று போய்ப் பார்க்கிறார்கள். 1956இன் ஐம்பதாம் ஆண்டில் அந்த பூட்ஸின் மாதிரி ஒன்றையும் அங்கே பீடத்தோடு கட்டிவைத்தார்கள்.

இந்தப் பூங்காவைப் புகழாத கட்டுரையாளர் கிடையாது. எனக்கும் பிடிக்கும். ஆனால் சிறு சந்தேகம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே தள்ளிவைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சிலைக்குக் கீழே நின்று கைதட்டியவர்களும் ஊரில் இருக்கிறார்கள், கைதட்டாததற்காகச் சிறை போனவர்களும் இருக்கிறார்கள். சிலையை அப்புறப்படுத்தினால் இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்காமல் இருக்கலாம். கெல்லர்ட் மலை மேல் இருக்கும் விடுதலைச் சிலையை என்ன செய்தார்கள் தெரியுமா? சோவியத் படையின் நினைவாக 1947இல் வைத்தது. அதன் அடியில் நின்ற சோவியத் வீரரின் உருவத்தை மட்டும் எடுத்துவிட்டு, கல்வெட்டை மாற்றி எழுதி, மேலே ஓலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெண்ணை அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் இன்றும் நிற்கிறாள், வேறொரு விடுதலைக்காக!

நாஜ் திரும்ப வருவார் என்று சொன்னேனே, இதோ வருகிறார். 1989 ஜூன் 16, அவர் தூக்கிலிடப்பட்ட அதே தேதியில், தோண்டியெடுத்திருந்த அவருடைய உடலை ஊரே திரண்டு மறு அடக்கம் செய்தது. அன்று மேடையில் பேசி நாடறிந்தவரான ஓர் இளைஞர், சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று துணிந்து கேட்டார். பெயர் விக்டர் ஓர்பான். 1996இல் நாஜுக்கு நாடாளுமன்றத்தின் பக்கத்தில் சிலை வைத்தார்கள். சிறு பாலம் ஒன்றின் மேல் நின்று நாடாளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிலை. பீடம் உயரமில்லை, கூடவே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். 2018 டிசம்பர் 28, பொழுது விடியும் நேரம், கிரேன் வந்து அந்தச் சிலையைத் தூக்கிக்கொண்டு போனது. யாருடைய ஆட்சியில்? அதே விக்டர் ஓர்பானின் ஆட்சியில். வேறோர் இடத்தில், ஆற்றோரச் சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய இடத்தில், 1934இல் அங்கே இருந்த நினைவுச்சின்னத்தைப் புதிதாகக் கட்டி 2019இல் திறந்தார்கள். 1919இன் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பலியானவர்களுக்கான சின்னம். பார்த்தீர்களா, மறுபடி அந்த 1919!

இங்கே எந்த அரசும் கவிழவில்லை. எந்தக் கூட்டமும் கயிறு கட்டவில்லை. தேர்தலில் ஜெயித்த அரசு, முறைப்படி, விடியற்காலையில். எனக்கு 1956 அக்டோபர் இரவைவிட இந்த 2018 டிசம்பர் விடியல்தான் அதிகம் உறுத்துகிறது. கூட்டம் உடைக்கும்போது கோபம் தெரிகிறது, முகம் தெரிகிறது. கிரேன் தூக்கும்போது முகம் தெரிவதில்லை.

இனி நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். 2022 மே 9. கொழும்பு காலி முகத்திடலில் அமைதியாகப் போராடிக்கொண்டிருந்தவர்களை ராஜபக்ச ஆதரவாளர்கள் தாக்கினார்கள். மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகினார். அன்று தங்காலையில், மகிந்தவுக்கும் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபயவுக்கும் தந்தையான டி. ஏ. ராஜபக்சவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். மெதமுலனவில் இருந்த அவருடைய நினைவு அருங்காட்சியகத்தையும் தாக்கினார்கள். இறந்து பல பத்தாண்டுகள் ஆன மனிதர். அவர் மேல் ஏன் கோபம்? அந்த அருங்காட்சியகம் கட்ட அரசுப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக கோத்தாபய மீது வழக்கே இருந்தது. 2019இல் ஜனாதிபதி ஆனதும் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். நீதிமன்றத்தில் நடக்காமல் போனது தெருவில் நடந்தது. சரியா என்று கேட்டால் தயங்குவேன். புரிகிறதா என்று கேட்டால், நன்றாகப் புரிகிறது.

டாக்காவில்தான் என் கணக்கு சிக்கலாகிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசினா நாட்டைவிட்டுத் தப்பி இந்தியா வந்தார். அந்த வாரங்களின் மாணவர் போராட்டத்திலும் அடக்குமுறையிலும் இறந்தவர்கள் 1,400 பேர் வரை இருக்கலாம் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. அன்று விஜய் சரணியில் அவருடைய தந்தை ஷேக் முஜிபுர் ரகுமானின் சிலையைச் சாய்த்தார்கள். அது 2023இல் வைத்த சிலை. மகள் தன் ஆட்சிக்குக் கேடயமாகத் தந்தையை ஊரெங்கும் நிறுத்தினார். கேடயத்தின் மேல் அடி விழுந்தது. இதுவரை புடாபெஸ்ட் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

ஆனால் தன்மண்டி 32ஆம் எண் வீடு? முஜிப் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு அது. 1975 ஆகஸ்ட் 15 அன்று அவரையும் குடும்பத்தார் பலரையும் ராணுவ அதிகாரிகள் சுட்டுக் கொன்ற வீடு. அவர் விழுந்த படிக்கட்டும் சுவரில் குண்டு பாய்ந்த துளைகளும் அருங்காட்சியகமாகக் காக்கப்பட்டு வந்தன. ஹசினா ஓடிய அன்றே அதற்குத் தீ வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், ஹசினா இணையத்தில் பேசப்போகிறார் என்ற செய்தி வந்ததும் திரும்பவும் கூடி, மண்வாரி இயந்திரம் கொண்டுவந்து இடித்தார்கள்.

சிலை வேறு, அந்த வீடு வேறு. சிலையை ஆட்சி செய்து வைத்தது. படிக்கட்டை யாரும் நினைவுச்சின்னமாகச் செய்யவில்லை. ஒரு கொலை அங்கே நடந்தது. முஜிபை வெறுப்பவருக்கும் அது சாட்சி, போற்றுபவருக்கும் அது சாட்சி. தோழனைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்த மாணவனின் கோபத்தை அளக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்வேன்: சாட்சியை இடிக்கும் வேலை அவனுடையதாக இருந்திருக்கக்கூடாது. அதைக் கொலைகாரர்கள்தான் விரும்புவார்கள்.

கடைசியாக யாழ்ப்பாணத்துக் கோப்பாய். அங்கே விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கல்லறைகளை இடித்தது. 2002 போர்நிறுத்தத்தின்போது திரும்பக் கட்டினார்கள். 2009இல் புலிகளின் ஆட்சி முடிந்தது. மறுபடி புல்டோசர் வந்தது. அந்த மண்ணில் ராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தை எழுப்பி 2011இல் திறந்தார்கள். இதில் கோபக்காரக் கூட்டம் எங்கே இருக்கிறது? வென்ற அரசின் திட்டமிட்ட வேலை இது. அங்கே கிடந்தவர்கள் தளபதிகள் மட்டுமல்லர்; பெரும்பாலும் பதினெட்டும் இருபதும் ஆன பிள்ளைகள். புலிகளின் அரசியலைக் கடுமையாக விமர்சிக்கும் தாயும் அங்கே தன் மகனுக்காகத்தான் போனாள். ஸ்டாலினின் பூட்ஸைப் பார்த்துச் சிரித்த அதே வாயால் இதைப் பார்த்தும் சிரிக்க என்னால் முடியாது. கல்லறை எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் அது ஆட்சியின் சின்னம் ஆகாது என்பது என் கட்சி.

'அப்படியானால் புலிகளின் சின்னங்களை மட்டும் விட்டுவைக்க வேண்டுமா, அவர்களும் சிலை வைக்கவில்லையா?' என்று கேட்கத் துடிக்கும் நண்பர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். லெனின்பற்றி நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தோழர்களும் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஒலிபெருக்கியை உங்களிடம் தரச் சொல்லித் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.